வலி இல்லையே, அப்புறம் என்ன? – சிறுநீரின் நிறம் மாறும்போது

சிறுநீர் வேறு மாதிரிப் போகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் முதலில் வரும் கேள்வி, "எரியுதா? வலிக்குதா?" என்பதுதான். எரிகிறது என்றால் சூடு பிடித்துக்கொண்டது என்று முடிவாகிவிடும். இளநீர் வரும், மோர் வரும், ஊறவைத்த வெந்தயம் வரும். எரியவில்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்தக் கணக்கு பாதிதான் சரி. எரிச்சலோடு வருபவற்றில் பெரும்பாலானவை சில நாள் மருந்தில் அடங்குபவை. கொஞ்சமும் வலிக்காமல், ஒருமுறை வந்து தானாகவே போய்விடும் மாற்றங்களில்தான் பெரிய நோய்கள் சில ஒளிந்திருக்கின்றன. அதனால் வலியை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்: என்ன நிறம், எத்தனை நாளாக, அதற்கு முன் என்ன சாப்பிட்டோம், என்ன மாத்திரை போட்டோம், முகமோ காலோ வீங்கியிருக்கிறதா, யாருக்கு வந்திருக்கிறது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது

ரத்தத்தின் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அது சிதையும்போது உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் உடைந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகிறது. கல்லீரல் அதைப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நிறமற்ற இன்னொரு பொருளாக மாற்றுகின்றன. அதில் ஒரு பங்கு மறுபடி ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது யூரோபிலின் என்ற மஞ்சள் நிறமியாகிறது. நிறமியின் பெயர் நூறாண்டுக்கு மேலாகத் தெரியும். ஆனால் குடல் பாக்டீரியா எந்த நொதியைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறது என்பதை அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டது 2024 ஜனவரியில்தான். தினமும் பார்க்கும் ஒரு நிறத்தின் காரணம் முழுதாகத் துலங்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்று முதல் இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. நிறமியின் அளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை, தண்ணீரின் அளவுதான் மாறுகிறது. ஆகவே சாதாரண மஞ்சளின் அடர்த்தி சொல்வது ஒன்றே ஒன்று: உடலில் தண்ணீர் போதுமா, போதாதா.

காலையில் எழுந்ததும் போகும் சிறுநீர் அடர்ந்திருப்பது இயல்பு. இரவில் உடல் தண்ணீரைச் சேமிக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் கட்டட வேலை, வயல் வேலை செய்கிறவர்களுக்கு நடுப்பகலிலும் அப்படியே போகும். இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, அடுத்த இரண்டு முறைக்குள் வைக்கோல் நிறத்துக்கு வெளிறினால் விஷயம் அவ்வளவுதான். பளிங்கு போல நிறமே இல்லாமல் போக வேண்டும் என்ற அவசியம் இல்லை. இதய பலவீனத்துக்கோ சிறுநீரகச் செயலிழப்புக்கோ "தண்ணீர் இவ்வளவுதான்" என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தால், நிறத்தைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். "நிறையத் தண்ணி குடிங்க" என்ற அறிவுரை எல்லாருக்கும் ஒரே மாதிரி எட்டுவதில்லை. கழிப்பறை இல்லாத வேலையிடத்தில், அல்லது இருந்தும் உள்ளே போக முடியாத பள்ளிக்கூடத்தில், பெண்கள் தெரிந்தேதான் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். நாள் முழுக்க அடக்கியும் வைக்கிறார்கள். அவர்களுக்கு வரும் நீர்க்கடுப்புக்கு அறிவுரையை விடச் சுத்தமான கழிப்பறைதான் முதல் மருந்து.

சாப்பாடும் மாத்திரையும் செய்யும் வேலை

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் மினுமினுக்கும் மஞ்சளாகப் போகும். அதில் உள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினின் நிறம் அது. உடலுக்கு வேண்டியது போக மிச்சம் வெளியேறுகிறது. பீட்ரூட் பொரியல் சாப்பிட்டால் எல்லாருக்கும் சிவப்பாகப் போவதில்லை. 10 முதல் 14 சதவீதம் பேருக்குத்தான் அப்படி ஆகும். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களிடம் இது சற்று அதிகம். பீட்ரூட்டை நிறுத்தி ஒன்றிரண்டு நாளில் நிறம் போய்விட வேண்டும். ஆனால் பீட்ரூட்டே சாப்பிடாதவர், "எதையாவது சாப்பிட்டிருப்பேன்" என்று தனக்குத்தானே ஒரு காரணத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது.

மருந்துகளில் முக்கியமானது ரிஃபாம்பிசின். காசநோய் சிகிச்சையின் அடிப்படை மருந்துகளில் ஒன்று இது. முதல் மாத்திரையிலிருந்தே சிறுநீர் செம்மஞ்சளாக, சிலருக்கு ஏறக்குறைய ரத்தம் போலவே போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதில் கறை ஏறிவிடும். இதில் ஆபத்து எதுவும் இல்லை. இதைப் பார்த்துப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. காசநோய் மருந்தை இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். நோயாளி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்க்க மருத்துவப் பணியாளர்கள் இந்த நிறத்தையே ஒரு அடையாளமாகப் பயன்படுத்தியதும் உண்டு. மருந்து கொடுக்கும்போதே "நாளையிலிருந்து இப்படிப் போகும், பயப்பட வேண்டாம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் ஃபெனாசோபைரிடின் மாத்திரையும் ஆரஞ்சு நிறத்தில் போகவைக்கும். அது எரிச்சலை மரத்துப்போகச் செய்யும், கிருமியைக் கொல்லாது. எரிச்சல் நின்றது என்று அதோடு விட்டுவிட்டால் உள்ளே தொற்று அப்படியே இருக்கும். வயிற்றுப்போக்குக்கு அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோல், நீர்த்தொற்றுக்கான நைட்ரோஃபியூரன்டாயின் இரண்டும் பழுப்பாக்கலாம். மெத்திலீன் ப்ளூ மருந்து பச்சையாகவோ நீலமாகவோ ஆக்கும். மயக்க மருந்தான ப்ரொபோஃபோலும் அபூர்வமாகப் பச்சையாக்கும். சிறுநீர் வெளியேற நெடுநாள் டியூப் வைத்திருக்கும், மலச்சிக்கல் உள்ள முதியவர்களுக்கு, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை சில நேரம் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறும். பார்த்தவர்கள் அலறிவிடுவார்கள். சில பாக்டீரியாக்கள் செய்யும் ரசாயன வேலை அது. தொற்றுக்கு மருந்து தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும், டியூபையும் மாற்ற வேண்டும். நிறத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை.

சிவப்பு

ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டர் ரத்தம் கலந்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே பயங்கரமாகச் சிவந்து போனது என்பதற்காக நிறைய ரத்தம் போய்விட்டது என்று பொருள் இல்லை. அதே போல, லேசான இளஞ்சிவப்புதானே என்று அலட்சியப்படுத்தவும் முடியாது. நோயின் கடுமையை நிறத்தின் ஆழத்தை வைத்து அளக்க முடியாது.

வலியோடு வரும் ரத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கல் அல்லது தொற்று. கல்லின் வலி விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் தொடங்கி, அலை அலையாக அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இறங்கும். ஒரு இடத்தில் உட்கார விடாது, படுக்க விடாது. இந்த நோயாளியை யாரும் மருத்துவமனைக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை, அவரே ஓடிவிடுவார்.

வலியே இல்லாமல் ரத்தம் போகிறவர்தான் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் மிகப் பொதுவான முதல் அறிகுறி இதுதான்: வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஒரு நாள் சிவப்பாகப் போகிறது, மறுநாள் தெளிவாகிவிடுகிறது. பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. இந்த இடைவெளியில் வாழைத்தண்டுச் சாறு குடித்திருந்தால் அதுதான் குணமாக்கியது என்று தோன்றும். கட்டி தன் இடத்திலேயே இருக்கும். ரத்தம் நின்றது என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. வயது 40-ஐத் தாண்டியவர், பீடி சிகரெட் பிடிக்கிறவர் அல்லது முன்பு பிடித்தவர், சில வகைச் சாய ரசாயனங்களோடு பல ஆண்டு புழங்கியவர் ஆகியோருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பையின் உட்சுவரைப் பார்ப்பார்கள். இந்த நோய் தொடக்கத்தில் பிடிபட்டால், பல நேரம் வயிற்றைக் கிழிக்காமல் அந்த வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள்.

வலியில்லாத ரத்தம் எல்லாமே புற்றுநோய் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆண்களுக்கு வயதாகும்போது பெருக்கும் புரோஸ்டேட் சுரப்பியும் காரணமாகலாம். அசையாமல் கிடக்கும் கல்லும் காரணமாகலாம். ஆனால் எது என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. "ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுறேன், அதனாலதான்" என்று இதய நோயாளிகள் பலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த மாத்திரை, உள்ளே ஏற்கனவே இருக்கும் புண்ணிலிருந்தோ கட்டியிலிருந்தோ கசிவை எளிதாக்கியிருக்கலாம். அவர்களுக்கும் பரிசோதனை அதேதான். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

மாதவிடாய் நின்றுபோன பெண்கள் கழிப்பறையில் சிவப்பைப் பார்த்தால், அது சிறுநீரிலிருந்தா கர்ப்பப்பையிலிருந்தா என்று தெரியாமல் குழம்புவார்கள். எங்கிருந்து வந்தாலும் அந்த வயதில் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஆகவே அந்தக் குழப்பம் காத்திருக்கக் காரணம் ஆகாது.

டிகாஷன் நிறம், கோலா நிறம்

பழுப்பு வேறு கதை. சிறுநீர்ப்பையிலோ குழாயிலோ கசியும் ரத்தம் சிவப்பாகத் தெரியும், கட்டியாகவும் வரலாம். சிறுநீரகத்தின் வடிகட்டியிலேயே கசிவது, வரும் வழியில் நிறம் மாறி, பால் விடாத டீ போலவோ கோலா போலவோ வரும்.

குழந்தைகளிடம் இதைக் கவனிக்க வேண்டும். தொண்டை வலி வந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, அல்லது கால் கைகளில் சீழ்ச்சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரம் கழித்து, காலையில் முகம் உப்பி, சிறுநீர் குறைந்து, டிகாஷன் நிறத்தில் போகும். தொண்டையிலும் தோலிலும் தொற்றிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் செய்த போரின் பின்விளைவு சிறுநீரகத்தில் தெரிகிறது. சிரங்கு ஆறி எல்லாரும் மறந்திருப்பார்கள், அதனால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமலே விடுவார்கள். பெரும்பாலான குழந்தைகள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சில நாட்களில் ரத்த அழுத்தம் சட்டென ஏறி வலிப்பு வரக்கூடும். அதனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரியவர்களிடம் கருஞ்சிவப்பு நிறத்துக்குத் தசைச் சிதைவும் ஒரு காரணம். பழக்கமில்லாத உடம்பை ஜிம்மில் முதல் நாளே வாட்டி எடுத்தால், வெயில் தாக்கி விழுந்தால், இடிபாட்டில் கால் நசுங்கிக் கிடந்தால், தசையின் நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கும். அது சிறுநீரகக் குழாய்களை அடைத்துச் சேதப்படுத்தக்கூடியது. லேபில் ஒரு வேடிக்கை நடக்கும்: ரசாயனம் தடவிய பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைச் சோதனை ரத்தம் இருக்கிறது என்று காட்டும், நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சிவப்பணுகூட இருக்காது. அந்த முரண்பாடே மருத்துவருக்குத் துப்பு.

கண்ணாடி விரியன் கடித்தவருக்குச் சிறுநீர் சிவந்து போனால் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்துகொண்டிருக்கிறது, சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும் என்று பொருள். ஆனால் பாம்பு கடித்தபின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காரும் வேலை கூடாது. கடித்தவுடனே 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

காமாலை மஞ்சள்

தண்ணீர் குறைந்ததால் வரும் மஞ்சளுக்கும் காமாலை மஞ்சளுக்கும் வீட்டிலேயே ஓரளவு வித்தியாசம் காணலாம். காமாலையில் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நிறம் இறங்காது. கடலை எண்ணெயை விட அடர்ந்து, பழுப்பை நோக்கிப் போகும். நுரையும் மஞ்சளாக இருக்கும், உள்ளாடையில் கறை படியும். கண்ணின் வெள்ளை விழியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் இங்கே அடிக்கடி காரணமாகின்றன. பெரும்பாலும் தானாகவே ஆறும். அதனால்தான் கீழாநெல்லிக்கு இவ்வளவு பேர் வந்தது என்பது என் கணிப்பு. சிக்கல் என்னவென்றால், எந்தக் காமாலை என்று பார்க்காமலேயே பத்தியம் தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வலியில்லாதது என்ற பேச்சு இங்கேயும் வருகிறது. முதியவர் ஒருவருக்கு வயிற்று வலி இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், மெல்ல மெல்ல காமாலை கூடி, உடம்பெல்லாம் அரித்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கிறது. கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நிலை அது. மூலிகைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாரமும் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பைக் குறைக்கும்.

கைக்குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமற்றது. பிறந்து இரண்டு வாரம் கடந்தும் காமாலை இறங்காமல், துணியில் மஞ்சள் கறை படிந்து, மலம் வெளுத்துப் போனால் பித்தநாளம் உருவாகாத கோளாறாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாள் வயதுக்குள் நடந்தால் பலன் அதிகம். "வெயில்ல காட்டு, சரியாயிடும்" என்பது அந்த நாட்களைத் தின்றுவிடும். பிறந்த முதல் சில நாட்களில் டயப்பரில் செங்கல் பொடி போல இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால், அது பெரும்பாலும் யூரேட் உப்பு. ரத்தம் அல்ல. பால் போதுமான அளவு போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கலங்கல்

வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு சிறுநீர் கலங்கிப் போவது சிலருக்கு வழக்கம். பாஸ்பேட் உப்புகள் படிவதுதான் காரணம், நோய் இல்லை. கலங்கலோடு எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய உணர்வு, கெட்ட நாற்றம், அடிவயிற்று வலி சேர்ந்தால் தொற்று. குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகுப் பக்க வலி சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது, அன்றே போக வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சிறுநீரையும் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

டியூப் வைத்த முதியவரின் சிறுநீர் கலங்கலாக, நாற்றமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டியதில்லை. டியூப் இருந்தால் கிருமி குடியேறத்தான் செய்யும். காய்ச்சலோ சோர்வோ குழப்பமோ வந்தால்தான் அது நோய். தேவையில்லாமல் கொடுத்த மருந்து, தேவைப்படும் நாளில் வேலை செய்யாமல் போகும். இதற்கு முக்கியமான விதிவிலக்கு கர்ப்பிணி. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் கிருமி வளர்ந்தாலும் சிகிச்சை உண்டு.

பால் போலவே வெள்ளையாக, கொழுப்பு உணவுக்குப் பிறகு இன்னும் அதிகமாகப் போனால் அது நிணநீர். யானைக்கால் நோயைக் கொடுக்கும் ஃபைலேரியா புழுக்களால் நிணக் குழாய்கள் சேதமாகி, அந்த நீர் சிறுநீர்ப் பாதையில் கசிகிறது. யானைக்கால் பரவியிருந்த கடலோர, டெல்டா பகுதிகளின் மூத்த மருத்துவர்களுக்கு இது பழக்கமான காட்சி.

நுரை

வேகமாகப் பெய்தால் யாருடைய சிறுநீரும் நுரைக்கும். கழிப்பறையில் ஊற்றிய ஆசிட், லிக்விட் மிச்சம் இருந்தாலும் நுரைக்கும். கவலைக்குரிய நுரை சில நிமிடம் ஆனாலும் அடங்காது, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது, நாள்தோறும் வரும். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் எப்படி நுரைக்கிறதோ அதே காரணம்தான் இங்கும்: ஆல்புமின் என்ற புரதம். ரத்தத்தில் நிற்க வேண்டிய அது, வடிகட்டி பழுதானதால் வெளியேறுகிறது. கூடவே காலில் வீக்கம் வரும். குழந்தைகளுக்குக் காலையில் கண் இமை வீங்கும். பூச்சி கடித்தது, அலர்ஜி என்று அதற்கு மருந்து கொடுத்துக்கொண்டே வாரங்கள் போவது உண்டு. சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

சர்க்கரை நோயாளிகள் நுரை வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கண்ணுக்கு நுரை தெரிவதற்குப் பல ஆண்டு முன்பே, சாதாரணப் பட்டைக்கும் சிக்காத சிறிய அளவில் ஆல்புமின் கசியத் தொடங்கும். அதைக் காட்டுவது ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்ற சோதனை. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை தொடக்க எச்சரிக்கை. காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ தற்காலிகமாக அதைக் கூட்டலாம் என்பதால், ஒரு முறை கூடியிருந்தால் மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். வகை 2 சர்க்கரை நோயாளிகளுக்கு நோய் தெரிந்த அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை, வகை 1 நோயாளிகளுக்கு ஐந்து ஆண்டு கழித்து ஆண்டுதோறும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் சேதத்தை வெகுவாகத் தாமதப்படுத்த மருந்துகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள்.

சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்று பெரியவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான் சிறுநீரில் வழியும். எறும்பு வரும்வரை காத்திருப்பவர் தாமதமாகவே அறிவார். இன்னொரு பக்கம், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதையே வேலையாகக் கொண்டவை. அவற்றைப் போடுகிறவரின் ரிப்போர்ட்டில் சர்க்கரை நிறையத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு முறையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர் கேட்பது சடங்குக்காக அல்ல. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் கூடி, ஆல்புமினும் வந்தால் அது தாயையும் பிள்ளையையும் பாதிக்கும் நிலை. தொடக்கத்தில் அவருக்கு எந்த வலியும் தெரியாது. தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தபின் அவசரம்.

எல்லாம் தெளிவாகப் போகிறது என்பதும் நல்ல சான்றிதழ் அல்ல. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990-களிலிருந்து விவசாயிகளைத் தாக்கிவரும் காரணம் உறுதியாகாத சிறுநீரக நோயில், தொடக்க காலத்தில் சிறுநீரில் புரதம்கூடப் பெரிதாக இருப்பதில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால்தான் பிடிபடும்.

மாதிரி கொடுப்பதும் ரிப்போர்ட் பார்ப்பதும்

சிறுநீரைப் பார்த்து நோய் அறிவது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாகப் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இன்றைய லேபில் ரசாயனம் தடவிய பட்டையும் நுண்ணோக்கியும் இருக்கின்றன. இவற்றுக்கு வரும் மாதிரி சரியாக இருக்க வேண்டும். தவறான ரிப்போர்ட்களில் பாதி, மாதிரி எடுத்த விதத்தால் வருகின்றன என்றுகூடச் சொல்லத் தோன்றும்.

வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, பெண்கள் என்றால் முன்னிருந்து பின்னாக, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடிக்க வேண்டும். புட்டியின் உட்புறம் விரல் படக் கூடாது. வீட்டிலிருந்த ஜாம் பாட்டிலை அலசிக் கொண்டுபோகக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் நன்றாக மூடி, ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆல்புமின் பார்க்க, காலையில் எழுந்ததும் போவது சிறந்தது. மாதவிடாய் நாட்களில் எடுத்தால் ரத்தம் என்றுதான் வரும். தள்ளிப்போட முடியாவிட்டால் லேபில் சொல்லிவிட வேண்டும். எந்தக் கிருமி என்று அறியும் கல்ச்சர் சோதனைக்கு, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் மாதிரி கொடுக்க வேண்டும். இரண்டு மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுப் போனால் கிருமி வளராமல் போய், ரிப்போர்ட் பொய் சொல்லும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது பஸ் செல்களை, அதாவது சீழ் அணுக்களை. நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் புலத்தில் ஐந்து வரை இருப்பது இயல்பு. அதைத் தாண்டியிருந்தாலும், பக்கத்தில் எபிதீலியல் செல்கள் நிறைய என்று எழுதியிருந்தால், தோலில் பட்டு வந்த மாதிரி அது. மறுபடி எடுப்பதே நல்லது. சிவப்பணு மூன்றும் அதற்கு மேலும் இருந்தால், நிறம் தெளிவாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை போடுகிறவர்களிடம் பட்டைச் சோதனை ரத்தத்தையும் சர்க்கரையையும் காட்டாமல் விடலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அவசரம் எவை? சிறுநீரே வராமல் அடைத்துக்கொள்வது, ரத்தக் கட்டிகள் வருவது, காய்ச்சல் நடுக்கத்தோடு விலா வலி, டிகாஷன் நிறத்தோடு முகவீக்கமோ மூச்சுத்திணறலோ, கர்ப்பிணிக்கு வீக்கமும் தலைவலியும், காமாலையோடு தூக்கக் கலக்கமும் உளறலும். இவற்றுக்கு லேபைத் தேடிப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ஒருமுறை கண்ணில் பட்ட ரத்தம், இறங்காத மஞ்சள், அடங்காத நுரை இவை அந்த வாரத்துக்குள். எரிச்சல் மட்டும் என்றால் ஒன்றிரண்டு நாளில் பார்த்துவிடலாம். ஆண்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது போடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட. நிறம் வந்து வந்து போகிறது என்றால் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, மருத்துவருக்கு அது உதவும். தொற்றோடு ரத்தமும் வந்திருந்தால், மருந்து முடித்த சில வாரங்களில் சிறுநீரை மறுபடி ஒருமுறை கொடுத்து ரத்தமும் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். எரிச்சல் நின்றதும் பலர் விட்டுவிடுவது அந்த இரண்டாவது சோதனையைத்தான்.